பனிக்காலம், பிள்ளைகள், சமையல்கட்டு: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் குடியிருக்கிறேன். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்று. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு வேன் நிற்கும் தெருமுனையிலும், மாடியில் துணி காயப்போடும்போதும் ஒரே மாதிரி கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் பிள்ளை பெற்றவர்கள், அல்லது வேலைக்காக வேறு ஊரிலிருந்து இங்கே வந்தவர்கள். போன வருஷம் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு இட்லி மாவுக் கதையைச் சொன்னேன். அப்போதுதான் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு பற்றிய பதில்களில் எங்கள் குழந்தை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததையும் அரசு மருத்துவத் துறை சொல்வதையும் மட்டும் எழுதியிருக்கிறேன்.

"வேலூர்னாலே வெயில்தானே அக்கா? இங்க என்ன பெருசா குளிர் வந்துடப்போகுது?"

வரும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் இதே ஊரில் மார்கழி, தை விடியற்காலையில் 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாள் அதற்கும் கீழே. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு குளிரே இல்லை. ஆனால் நம் வீடுகள் எல்லாம் வெயிலை நினைத்துக் கட்டியவை. டைல்ஸ் தரை, மூட முடியாத வெண்டிலேட்டர், காற்று வரட்டும் என்று வைத்த ஜன்னல். ஐந்து மணிக்குத் தரையில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும்.

அதே நாள் மதியம் சுள்ளென்று வெயில் அடிக்கும். காலையில் ஸ்வெட்டர் போட்டு அனுப்பிய பிள்ளை பதினொரு மணிக்கு வேர்த்து நனைந்திருக்கும். அந்த ஈரம் உடம்பிலேயே காயும். அதனால் தடிமனான ஒரு ஸ்வெட்டரைவிட, பருத்தி பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் மெல்லிய ஸ்வெட்டர் என்று கழற்றக்கூடியதாகப் போடுங்கள். ஸ்வெட்டரைத் தானே கழற்றிப் பையில் வைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பெரியவள் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

"இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. உளுந்து சரியில்லையா?"

உளுந்தைக் குறை சொல்லாதீர்கள். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கதகதப்பு வேண்டும். 30 டிகிரி அளவில் அவை நன்றாக வேலை செய்யும். சமையல்கட்டு இருபதுக்கு வந்துவிட்டால் மெதுவாகிவிடும், அவ்வளவுதான். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கேட்கும். இரவு ஒன்பதுக்கு அரைத்துவிட்டுக் காலை ஆறுக்கு இட்லி எதிர்பார்த்தால் கல்தான் கிடைக்கும். மதியம் மூன்று, நான்கு மணிக்கு அரைத்து முடியுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி அரைத்து மறுநாள் சாயந்திரத்துக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைக்கும்போது பச்சைத் தண்ணீருக்குப் பதில் விரல் பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். அரைத்ததும் உப்புப் போட்டு, கரண்டியால் இல்லாமல் கையாலேயே அடியிலிருந்து மேலாக நன்றாகக் கலக்க வேண்டும். பழைய மாவு ஒரு கரண்டி இருந்தால் அதையும் சேர்த்துவிடுவேன். அப்புறம் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, அரிசி மூட்டை மேல் வைத்துவிடுவேன். மாமியார் வீட்டில் இன்னும் எளிது: அகலமான அண்டாவில் நாலு விரல் உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடிவிடுவார்கள். காலையில் மூடியைத் திறந்தால் மாவின் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்து, லேசான புளிப்பு வாசனை வரும். கரண்டியை விட்டு அள்ளினால் பஞ்சு கிழிவதுபோல் கிழியும். அந்தப் பதம் வரும்வரை பொறுங்கள். சோடா உப்புப் போட்டு அவசரப்படுத்தினால் புசுபுசுவென்று இருக்கும், சுவை வராது.

"தயிரும் தண்ணியாவே இருக்கு."

மாவுக்குச் சொன்னதேதான். பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உறை ஊற்றுங்கள், வழக்கத்தைவிட அரை ஸ்பூன் கூடுதலாக. பிறகு ஹாட்பாக்ஸில் வைத்து மூடிவிடுங்கள். அசைக்காதீர்கள்.

"தேங்காய் எண்ணெய் பாட்டிலோட உறைஞ்சு கிடக்கு. கலப்படமா?"

இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையும். வெந்நீர் பக்கெட்டில் இரண்டு நிமிஷம் பாட்டிலை நிற்க வையுங்கள், இளகிவிடும். நேராக அடுப்பில் காட்ட வேண்டாம்.

"ஏழே காலுக்கு வேன் வந்துடுது. பிள்ளை எழுந்திருக்கவே மாட்டேங்குது, நான் எப்ப சமைக்கிறது?"

இதைக் கேட்காத தாய் எங்கள் தெருவில் இல்லை. பனிக்காலத்தில் காலை வேலையில் பாதியை முந்தின நாள் சாயந்திரத்துக்கே நகர்த்திவிடுங்கள். வெங்காயம் உரித்து வைப்பது, தேங்காய் துருவி வைப்பது, சீருடை எடுத்து வைப்பது, ஷூவுக்குள் சாக்ஸ் போட்டு வைப்பது. காலையில் எழுந்தவுடன் முதலில் குளிக்க வெந்நீர் வையுங்கள், பிறகு பால்.

பிள்ளையை லைட்டைப் போட்டு, போர்வையை இழுத்து எழுப்பாதீர்கள். அடுத்த பத்து நிமிஷம் அழுகையிலேயே போய்விடும். நான் சின்னவனைப் போர்வையோடு தூக்கிவந்து அடுப்பங்கரை மேடைக்குத் தள்ளி, எதிர்ச் சுவர் ஓரமாக நாற்காலியில் உட்கார வைப்பேன். இட்லி ஆவியும் தாளிப்பு வாசனையும் அவனை எழுப்பிவிடும். முதல் ஈட்டு இட்லி அவனுக்கு, நல்லெண்ணெய்யும் இட்லிப் பொடியும் தொட்டு. கண் முழுதாகத் திறப்பதற்குள் இரண்டு இட்லி உள்ளே போயிருக்கும். அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவே நீங்கள் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

"டப்பா அப்படியே திரும்பி வருது. ஆறிப்போச்சுன்னு சொல்றான்."

ஆறினால் கெட்டியாகிற சாப்பாட்டை டப்பாவில் வைக்காதீர்கள். வெண்பொங்கலும் நெய் விட்ட எதுவும் பனியில் களிமண்போல ஆகிவிடும். ஆறினாலும் தின்ன முடிகிறவை எலுமிச்சை சாதம், புளி சாதம், சப்பாத்தி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, நல்லெண்ணெய்யில் சுட்ட அடை. டப்பாவில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்து, கொட்டித் துடைத்துவிட்டு, பிறகு சூடான சாப்பாட்டை வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். பொங்கலை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த சீசன்ல மார்க்கெட்ல எதை வாங்கணும்?"

பச்சை மொச்சை, அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி, தை நெருங்கினால் பனங்கிழங்கு. வேர்க்கடலை கிடைத்தால் தோலோடு உப்புப் போட்டு வேகவைக்கலாம். அப்புறம் நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காய். இலவம்பாடிப் பக்கம் விளைவது. காம்பிலும் இலையிலும் முள் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொச்சையோடு சேர்த்துக் குழம்பு வைத்தால் காய் உடையாமல் வெண்ணெய்போல வேகும். கத்தரிக்காய் தின்னாத பிள்ளைகூட அந்தக் குழம்பைச் சோற்றில் பிசைந்து தின்னும்.

"பிதுக்குப் பருப்பு, பிதுக்குப் பருப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் மதுரைப் பக்கம், எனக்கு அது என்னன்னே தெரியாது."

பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வடாற்காட்டு வீடுகளில் பனிக்காலம் என்றால் இதுதான். பச்சை மொச்சையை உரித்து, கொட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் தோல் தளர்ந்து, கொட்டை உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு ஓரத்தில் அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். கையில் வெறும் தோல் நிற்கும். இப்படிப் பிதுக்கி எடுப்பதால்தான் அந்தப் பெயர். உள்ளே இருக்கும் பருப்பு இளம்பச்சையாக, பளபளவென்று, இரண்டாகப் பிளக்கத் தயாராக இருக்கும்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் முற்றத்து வெயிலில் முறத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துவிடுவோம். மாமியார் ஒரு கையால் இரண்டு இரண்டாகப் பிதுக்குவார். பெரியவள் பருப்பு எவ்வளவு தூரம் பாய்கிறது என்று குறி பார்ப்பாள். பிள்ளைகளின் விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தாங்களே பிதுக்கிய பருப்பு என்பதால் தட்டில் மிச்சமும் வைக்க மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் கொட்டையைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். பெரியவள் இரண்டு வயதில் ஒரு மொச்சையை மூக்கில் போட்டுக்கொண்டாள். ஈரத்தில் அது உப்பிவிடும். நாமே குச்சி, ஊக்கு வைத்து எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போகும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோனோம், இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டார்.

குழம்புக்கு: எண்ணெய்யில் பட்டை, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், குழம்புத்தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பருப்பைப் போட்டால் பத்து, பதினைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். குக்கர் வேண்டாம், கரைந்துபோகும். கடைசியில் தேங்காயும் கொஞ்சம் கசகசாவும் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். தோசைக்கும் பொருந்தும், சுடு சோற்றுக்கும் பொருந்தும், கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

"சின்னவனுக்குக் காரமில்லாம தனியா சமைக்கணுமே, ரெண்டு அடுப்பு வேலை ஆயிடுது."

தனியாகச் சமைக்க வேண்டாம். ஆறு மாதம் முடிந்த குழந்தை தாய்ப்பாலோடு வீட்டுச் சாப்பாட்டைத் தொடங்கலாம். ஒரே பானையில் வையுங்கள், தூள் போடுவதற்கு முன்னால் பிள்ளையின் பங்கை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன குழம்பிலும் பருப்பை மஞ்சளோடு முதலில் வேகவைத்து, இரண்டு கரண்டி எடுத்து மசித்து, சோறும் நெய்யும் சேர்த்தால் அவன் சாப்பாடு தயார். மிச்சத்தில் காரம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை.

நாம் தின்பதையே தானும் தின்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளை நன்றாகச் சாப்பிடும். தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் மாடிக்கும் பின்னாலேயே ஓடுவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். பனிக்காலத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, சூடு குறைவதற்குள் தின்று முடிப்பது பழகிவிட்டால் பாதி சண்டை குறையும். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

"சளி புடிச்சிருக்கு. தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். சரிதானே?"

நிறுத்த வேண்டியதில்லை. சளி வைரஸால் வருகிறது. பனிக்காலத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சீக்கிரம் தொற்றுகிறது. தயிர் பிடிக்கும் பிள்ளைக்கு ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுக்காமல், அறைச் சூட்டில் வைத்து மதியம் கொடுங்கள். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளை ஏற்கனவே குறைவாகத்தான் தின்னும். தின்ன வருவதையும் பிடுங்கிவிட்டால் உடம்பு எதை வைத்துத் தேறும்?

கேழ்வரகு குளிர்ச்சி என்று சொல்லி மார்கழியில் நிறுத்துபவர்களும் உண்டு. கோடையில் கூழாகக் கரைத்து மோர் ஊற்றிக் குடிப்பதால் வந்த எண்ணம் அது. இப்போது சூடான கஞ்சியாகவோ, முருங்கைக்கீரை போட்ட அடையாகவோ செய்யுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து எந்த மாதத்திலும் பிள்ளைக்கு வேண்டியதுதான்.

"எட்டு மாசப் பிள்ளைக்கு ஆயா (பாட்டி) தேன் தடவச் சொல்றாங்க, நெஞ்சுல கற்பூரம் தேய்க்கச் சொல்றாங்க. செய்யலாமா?"

இரண்டும் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயதுக்கு மேல் இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் நல்லதே. கற்பூரம் வாய்க்குள் போனால் சின்னப் பிள்ளைக்கு வலிப்பே வந்துவிடும். அதனால் பூஜை அறைக் கற்பூரத்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குள் தொட வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

சாம்பிராணிப் புகையையும் குழந்தை இருக்கும் அறையில் போடாதீர்கள். குளிருக்கென்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வருவது வாசனையே இல்லாத நச்சுக் காற்று. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். வெந்நீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் உண்டு.

ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்றும் சேர்த்தே கேட்பார்கள். எங்கள் வீட்டில் தேன் பேச்சு வந்தபோது மாமியாரைத் தடுப்பூசி நாளன்று கூடவே அழைத்துப்போனேன். மருத்துவர் அவரிடமே நேராகச் சொன்னார். அதோடு நான் வேறு ஒரு பொறுப்பைக் கொடுத்தேன்: குளிப்பாட்டுவதற்கு முன் வெயிலில் உட்கார்ந்து கை கால் நீவிவிடுவது. அதில் அவர் கைக்கு நிகர் இல்லை.

"இந்தக் குளிர்ல தினமும் குளிப்பாட்டணுமா?"

பத்து மணிக்குமேல், வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிஷம். தலைக்கு வாரம் இரண்டு முறை போதும், உடனே துவட்டிவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். தோல் வறண்டு வெள்ளைக் கோடு விழுந்தால் குளித்த ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய் தடவலாம்.

"மருந்துக்கடையில இருமல் சிரப் வாங்கிக் குடுத்துடலாமா? டாக்டர்கிட்ட எப்ப போகணும்?"

கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. போன தடவை மிச்சம் வைத்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்ததும் வேண்டாம்.

எப்போது போவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே உடனே காட்ட வேண்டும்.

"குளிர்காலத்துல வாந்தி பேதி வருமா? அது கோடையிலதானே வரும்?"

வரும். ரோட்டாவைரஸ் என்ற கிருமியால் வரும் பேதி நம் நாட்டில் குளிர்மாதங்களில்தான் கூடும். வெளியே எதுவும் வாங்கித் தரவில்லையே என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது உங்கள் சமையலின் குற்றமில்லை. இதற்கான ஆய்வில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்த மூன்று இடங்களில் வேலூர் ஒன்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் ககன்தீப் காங் இதில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து 6, 10, 14 வாரங்களில் வாய்வழிச் சொட்டாக அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறவிடாதீர்கள்.

பேதி வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். மருத்துவர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, நடுவில் பேதி நின்றுவிட்டாலும், மொத்தம் 14 நாள் முடிக்க வேண்டும். கண் உள்வாங்கி, சிறுநீர் போகாமல், பிள்ளை துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

"போகி அன்னிக்கு பிள்ளை மேளம் அடிக்கணும்னு அடம் புடிக்கிறான், ஆனா அவனுக்கு மூச்சிரைப்பு இருக்கு."

மேளம் அடிக்கட்டும், புகையில் நிற்க வேண்டாம். மலை சூழ்ந்த ஊரில் விடியற்காலைப் பனியோடு சேர்ந்து புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துவிடும். நாங்கள் இரண்டு வருஷமாக மொட்டைமாடியில் வெயில் வந்த பிறகு மேளம் அடிக்க வைக்கிறோம், பழைய பாயையும் துணியையும் குப்பை வண்டியில் கொடுத்துவிடுகிறோம். டயர் கொளுத்துபவர்களிடம் நேராகப் போய், வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று சொல்லுங்கள். எங்கள் தெருவில் சொன்னோம், கேட்டுக்கொண்டார்கள்.

"பொங்கலோட குளிர் போயிடும்ல?"

அவசரப்பட்டு ஸ்வெட்டரைப் பரணில் ஏற்றாதீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சிவராத்திரி வந்தால்தான் சிவ சிவா என்று குளிர் கிளம்பும். அதுவரை மாவுப் பாத்திரத்தின் கம்பளி அப்படியே இருக்கட்டும். மொச்சை மலிவாக இருக்கும்போதே நாலைந்து கிலோ வாங்கி, உரித்து, நல்ல வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். சித்திரையில் ஒருநாள் பிள்ளை பிதுக்குப் பருப்புக் குழம்பு கேட்கும். காய்ந்த கொட்டையை ராத்திரி ஊறப்போட்டால் போதும், தோல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் பிதுங்கும்.